போத்தலின் வாயும் காற்றின் வழியும்

விடியற்காலையில் தென்னையின் உச்சியிலிருந்து இறக்கப்படுங் கள் ஒரு பொருள். அதே முட்டியில் அன்று மாலையில் இருப்பது வேறொரு பொருள். சில கிழமைகள் கழித்து அதிலே இருப்பது மூன்றாவதொரு பொருள். முட்டி மாறவில்லை, ஒருவரும் அதனுள் எதனையும் இடவும் இல்லை. ஆயினும், இனிப்பாயிருந்தது வெறி தருவதாகிப் பின்னர்ப் புளிப்பாகி முடிகின்றது. இம்மாற்றத்தைச் செய்பவை இரண்டு. ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். மற்றொன்று, முட்டியின் வாய்வழியே புகுந்துவருங் காற்று. உயிரைத் தடுப்பது கடினம். காற்றைத் தடுப்பதற்கோ ஒரு மூடி போதும். ஆதலின், மூடியின் வரலாறு ஒரு வகையில் மதுவின் வரலாறே எனலாம்.

இலங்கையின் மேற்குக் கரையில், தெற்கே மா ஓயாவின் முகத்துவாரந் தொடங்கி வடக்கே வில்பத்துக் காடு வரையும் நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டம். வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்னும் ஊர்களை அடுத்த நிலமெங்குந் தென்னந்தோப்பு. அதற்கும் வடக்கே உடப்பின் மீன்பிடி வாடிகளும், புத்தளத்தின் உப்பளங்களும், கற்பிட்டியின் மணல்மேடுகளும் உள்ளன. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகிய மூன்றையும் மூலைகளாகக் கொண்ட நிலப்பரப்பைத் தென்னை முக்கோணம் என்று வழங்குவர். அம்முக்கோணத்தின் கடலோரப் பக்கமே இக்கரை. இங்கே தேங்காயும் கொப்பறாவும் பெரும் பொருள்களேயாயினும், பாளையைச் சீவிப் பெறுங் கள்ளும், கள்ளிலிருந்து காய்ச்சிய சாராயமும், கள்ளைப் புளிக்கவிட்டுப் பெறும் வினாகிரியும் பல குடும்பங்களின் உலையை எரிய வைத்தவை.

கள்ளிலே நிகழ்வது யாது? பாளையிலிருந்து வடியும் பதநீரில் 100க்கு ஏறத்தாழ 15 பங்கு சர்க்கரை உண்டு. முட்டியில் முன்னரே ஒட்டியிருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. மரத்தின் உச்சியிலேயே இவ்வேலை தொடங்கிவிடும். ஒரு நாள் கழிவதற்குள் மதுசாரம் 100க்கு 6 பங்கையொட்டி ஏறிவிடும். இதனைத் தடுத்துப் பதநீராகவே வைத்துக்கொள்ள விரும்புவோர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர்; சிங்கள ஊர்களில் ஹல் மரத்தின் பட்டையை இடுவதும் உண்டு. மதுவத்திற்கு இவ்வேலையை முடிக்கக் காற்று வேண்டியதில்லை. அடுத்து வருவது அசெற்றிக் பற்றீரியா. காற்றிலுள்ள பிராணவாயுவாகிய ஒட்சிசன் இல்லையேல் அது செயலற்றுக் கிடக்கும். ஒட்சிசன் கிடைத்தாலோ மதுசாரத்தைப் புளித்த அமிலமாக மாற்றிவிடும்.

இங்கே ஒரு கணக்கினை நோக்குதல் தகும். 100க்கு 6 பங்கு மதுசாரமுள்ள ஒரு லீற்றர் கள்ளில் ஏறத்தாழ 47 கிராம் மதுசாரம் இருக்கும். அவ்வளவு மதுசாரம் உண்டாகும்போது வெளிப்படுங் காபனீரொட்சைட்டு, இந்நாட்டு வெப்பநிலையில் ஏறத்தாழ 25 லீற்றர். பின்னர் அம்மதுசாரம் முழுவதும் வினாகிரியாக மாறுவதற்கு உட்செல்ல வேண்டிய ஒட்சிசனும் ஏறத்தாழ அதே 25 லீற்றரேயாகும். காற்றில் ஐந்திலொரு பங்கே ஒட்சிசன் ஆதலின், ஒரு லீற்றர் கள்ளு வினாகிரியாவதற்கு ஏறக்குறைய 120 லீற்றர் காற்று அதனைத் தொட்டுச் செல்லல் வேண்டும். முதலில் உள்ளிருந்து வெளியேறுவது 25 லீற்றர். பிறகு வெளியிலிருந்து உட்புகுவது 25 லீற்றர். இவ்விரண்டும் ஒரே வாய் வழியாகவே நடைபெற வேண்டும்.

கள் விற்பவரின் இக்கட்டு முழுவதும் இக்கணக்கினுள் அடங்கியிருக்கின்றது. பொங்குங் கள்ளைப் போத்தலில் நிறைத்து இறுக அடைத்தால், வெளியேற வழியில்லாத வாயு அடைப்பைத் தூக்கி எறியும். அன்றேல் போத்தலையே உடைக்கும். அடைக்காது விட்டால், பொங்கி முடிந்தபின் காற்றுப் புகுந்து புளிக்கச் செய்யும். அடைத்தாலும் இழப்பு, திறந்தாலும் இழப்பு. இதனாலேயே கள்ளு ஊர்விட்டு ஊர் செல்லாத குடிவகையாய், இறக்கிய அன்றே தவறணையில் விற்றுத் தீர்க்க வேண்டியதாய் நெடுங்காலம் இருந்து வந்தது.

மது ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டுமாயின் வாயை அடைக்கும் வழி வேண்டும் என்பதைப் பண்டையோர் நன்கு அறிந்திருந்தனர். குறிஞ்சி நிலத்து மாந்தர் தேனாற் செய்த தேறலை மூங்கிற் குழாயினுள் ஊற்றி முதிரவைத்துப் பருகிய செய்தியைத் திருமுருகாற்றுப்படை கூறுகின்றது. மூங்கிலின் கணு இயற்கை தந்த அடைப்பு. அதன் மேல்வாய் ஒன்றை மூடிவிட்டாற் போதும். யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். அக்கலங்கள் எத்தகையன என்பதை அகழ்வாராய்ச்சி பின்னர்க் காட்டியது. 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் நிலத்தை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளாகிய அம்போராக்களின் உடைந்த துண்டுகள் பல கிடைத்தன. மண்ணாலான சாடி காற்றைச் சிறிது உட்புகவிடும். அதனைத் தடுப்பதற்கு உரோமர் சாடியின் உட்புறத்தில் மரப்பிசினையுங் கீலையும் பூசினர். வாயைத் தக்கையாலோ ஓட்டுச் சில்லாலோ அடைத்து, அதன்மேற் சுண்ணச்சாந்து இட்டு முத்திரித்தனர். பல திங்கட் கடற்பயணத்தை அம்மது தாங்கியதற்கு இச்சாந்துப் பூச்சே காரணம்.

அக்கடல் வழியின் ஓர் ஓரத்திலேயே புத்தளக் கரையும் இருந்தது. அன்னியஸ் புளொக்காமஸ் என்னும் உரோமரின் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியக் கரையோரமாகக் கப்பலிற் செல்கையிற் காற்றினால் அலைக்கப்பட்டு, இலங்கையிலுள்ள ஹிப்புரோஸ் என்னுந் துறையில் ஒதுங்கினான் என்று முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதினார். கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்பது குதிரை. ஆதலின், பொன்பரப்பிக்கு வடக்கே கடலை நோக்கி நிற்குங் குதிரைமலையே அத்துறை என்று அறிஞர் பலர் கருதியுள்ளனர். இஃது ஓர் ஊகமேயாயினும், உரோமரின் வாணிகம் இத்தீவின் மேற்குக் கரையை அறிந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

பின்வந்த ஐரோப்பியர் கொண்டுவந்த கலங்களின் சுவடு இக்கரையின் பேச்சிலேயே இருக்கின்றது. பீப்பாய் என்பது போர்த்துக்கேயரின் சொல். தவறணை என்பதும் அவர்களுடையதே. வினாகிரி என்பதும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததே. புளித்த மது என்பது அதன் மூலப்பொருள். போத்தல் என்பதை ஒல்லாந்தர் விட்டுச் சென்றனர் என்பர். காடி என்னும் பழந்தமிழ்ச் சொல் நூல்களிலே நிற்க, சமையலறையிலும் சந்தையிலும் வினாகிரியே வழங்குகின்றது.

போர்த்துக்கேயரோடு கத்தோலிக்க சமயம் இக்கரையிற் பரவியது. பூசைக்கு முந்திரிகைப் பழத்தின் இரசம் இன்றியமையாதது. இத்தீவில் அது செய்யப்படாமையின் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. கெட்டுப் புளித்த இரசத்தைப் பூசைக்குப் பயன்படுத்தல் ஆகாது என்பது திருச்சபையின் விதி. பல திங்கள் வெப்பத்திற் கப்பலில் ஆடிவந்த பீப்பாயின் அடைப்பு நெகிழ்ந்துவிட்டால், பணத்தோடு வழிபாடும் இடர்ப்படும். ஒரு மரமூடி எவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்கி நின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1659ஆம் ஆண்டிற் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டையைக் கட்டினர். நீர்கொழும்பையும் புத்தளத்தையும் இணைக்கும் வாய்க்காலும் அவர்களின் ஆட்சியோடு தொடர்புடையது. மதுவைக் காக்கும் கலையில் அவர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மதுவை ஊற்றுமுன் பீப்பாயினுள்ளே கந்தகத் திரியைக் கொளுத்திப் புகைக்கும் வழக்கத்தை ஐரோப்பாவிற் பரப்பியவர்களில் ஒல்லாந்த வணிகர் முதன்மையானவர். அப்புகை நுண்ணுயிரை அடக்கும்; மதுவிற் கலந்து நிற்குங் கந்தகச் சேர்வை, வந்துசேரும் ஒட்சிசனின் கேட்டைத் தணிக்கும். மூடி வெளியே நிற்குங் காவலன். கந்தகம் உள்ளே நிற்குங் காவலன்.

கள்ளைக் காக்க இயலாத இக்கரை மக்கள் கண்ட வழி காய்ச்சுதல். சாராயத்தில் மதுசாரம் மிகுதி ஆதலின் அசெற்றிக் பற்றீரியா அதில் வாழாது. ஆயினும் காய்ச்சுமுன்பே காலம் நெருக்கும். கள்ளில் எவ்வளவு புளிப்பு ஏறுகின்றதோ அவ்வளவு மதுசாரம் குறைந்துவிடும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டு, அரசின் பெருவருவாய்களில் ஒன்றாக விளங்கியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அம்முறையின் இடத்திற் புதிய உரிமமுறையை அமைத்தது. அக்காலத்தே நாடெங்கும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் தவறணைகளைக் கடுமையாக எதிர்த்தது. குடியால் அழிந்த குடும்பங்களை எண்ணுவார் அவ்வெதிர்ப்பின் நியாயத்தை மறுக்கார். எனினும், மரத்தில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு வேறொரு வாயில் வேண்டும் என்பதும் அத்துணை நியாயமே. அவ்வாயில் வினாகிரியாய் இருந்தது.

காற்றுக்கும் மதுவுக்கும் உள்ள உறவை ஐயமறக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். வினாகிரி உண்டாவது நுண்ணுயிரின் செயலே என்பதை 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில் நிறுவினார். 1866ஆம் ஆண்டில் மதுவைப் பற்றி எழுதிய நூலில், காற்றின் தொழிலைத் தனியே ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றில் மதுவை முழுதும் நிரப்பியும், சிலவற்றிற் பாதியளவு ஊற்றி எஞ்சிய இடத்திற் காற்றை விட்டும் வாயை மூடிவைத்தார். நிறைந்த குழாயில் மது மாறாதிருந்தது. பாதிக் குழாயில் நிறம் மாறிற்று, மண்டி படிந்தது, சுவையும் வேறாயிற்று. மிகுந்த காற்று மதுவைக் கெடுக்கும். சிறிது காற்று மெல்ல மெல்லப் புகுந்தால் அதனை முதிர்விக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

இச்சிறிது காற்றை அளந்து விடுவது போல அமைந்தது தக்கை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் தடித்த கண்ணாடிப் போத்தல்கள் வார்க்கப்படலாயின. அவற்றின் வாய்க்குப் போர்த்துக்கல் முதலிய நாடுகளில் வளரும் தக்கை ஓக்கு மரத்தின் பட்டை பொருந்திற்று. ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெட்டாமலே பட்டையை உரித்தெடுப்பர். அதன் நுண்ணறைகளிற் காற்று நிறைந்திருத்தலால், அமுக்கினாற் சுருங்கிப் பின் விரிந்து போத்தலின் கழுத்தை இறுகப் பற்றும். தக்கை காய்ந்து சுருங்காதிருக்கவே போத்தலைப் படுக்க வைக்கும் வழக்கம் உண்டாயிற்று.

தக்கை வழியே காற்றுப் புகுந்து மது வினாகிரியாகிவிடும் என்று பலர் எண்ணுவர். முன்னர்க் கூறிய கணக்கு இதனை மறுக்கின்றது. ஒரு லீற்றரில் 100க்கு 6 பங்கு மதுசாரத்தை வினாகிரியாக்க 33 கிராம் ஒட்சிசன் வேண்டும். காற்றோடு நன்கு கலந்த ஒரு லீற்றர் நீரிலுங் கரைந்து நிற்கும் ஒட்சிசன் 8 மில்லிகிராம் அளவே. வேண்டியதில் 4,000இல் ஒரு பங்குக்குங் குறைவு. நல்ல தக்கையோ ஓராண்டில் ஒரு மில்லிகிராமை ஒட்டிய அளவையே உள்ளே விடும். அவ்வழியே 33 கிராம் வந்து சேர 33,000 ஆண்டுகள் செல்லும்! ஆகவே தக்கையிட்ட போத்தலில் நிகழ்வது வேறு. அங்கே வரும் மில்லிகிராம்கள் முதலிற் கந்தகக் காவலைச் செலவழிக்கும். பின்னர் நிறத்தையும் நறுமணத்தையும் தொடும். வெண்மது பழுப்பாகும், பழத்தின் மணம் மங்கும். வினாகிரியாவது பீப்பாயின் வாய் திறந்து கிடக்கும்போதும், போத்தல் பாதி குறைந்து பல நாள் நிற்கும்போதுமே.

இம்மில்லிகிராம்களின் வலிமையை ஆஸ்திரேலிய மது ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஒரு சோதனை தெளிவாக்கிற்று. 1999ஆம் ஆண்டு அறுவடையிற் செய்த செமியோன் என்னும் வெண்மதுவை 14 வகை மூடிகளால் அடைத்து வைத்து ஒப்பிட்டனர். 2001ஆம் ஆண்டில் வெளியான முடிவில், செயற்கைத் தக்கையிட்ட போத்தல்கள் பல விரைந்து பழுத்தன. உலோகத் திருகு மூடியிட்டவை கந்தகத்தையும் புதுமணத்தையும் மிக நன்கு காத்தன. ஆனால், அவற்றிலேயே தீக்கல்லை உரசினாற் போன்றதொரு மணமுந் தோன்றிற்று. மூடி மிக இறுகினால் அதற்கும் ஒரு விலை உண்டு. இயற்கைத் தக்கைக்கு வேறொரு குறை. பூஞ்சணத்தொடர்பாற் சில தக்கைகளில் உண்டாகும் ஒரு குளோரின் சேர்வை மதுவுக்கு ஈரமான பழந்துணியின் வாடையைத் தரும். அச்சேர்வையை 1982ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் இனங்கண்டனர். குறையில்லாத மூடி ஒன்றும் இல்லை. மதுவின் தன்மைக்கும் அதனைப் பருகுங் காலத்துக்கும் ஏற்ற மூடியே உண்டு.

கள்ளின் இக்கட்டைத் தீர்த்ததும் இவ்வறிவே. பொங்கி முடிந்த கள்ளை வடித்துப் போத்தலில் இட்டு, பாஸ்டர் காட்டிய முறையில் அளவாகச் சூடேற்றினால் மதுவமும் பற்றீரியாவும் மடியும். வில்லியம் பெயின்டர் என்பவர் 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமை பெற்ற தகர மூடி, சோடாப் போத்தலைப் போலவே கள்ளுப் போத்தலையும் அடைக்க உதவிற்று. ஒரு நாளும் வாழாதிருந்த கள் இவ்வாறு கடல் கடந்து செல்லலாயிற்று. சூடும் வேண்டும், மூடியும் வேண்டும். சூடேற்றாது மூடினாற் போத்தல் வெடிக்கக்கூடும்.

வினாகிரி செய்வார்க்கோ மூடியை விட அதனைத் திறக்குங் காலமே முதன்மையானது. முதற்கட்டத்திற் சர்க்கரை முழுவதும் மதுசாரமாகும் வரை கள்ளை மூடியும் மூடாமலும் வைப்பர். வாயு வெளியேற வேண்டும், தூசும் ஈயும் புகலாகாது. இரண்டாங் கட்டத்தில் வாயகன்ற கலத்தில் ஊற்றி மெல்லிய துணியால் மட்டும் மூடுவர். இப்பொழுது காற்றே தொழிலாளி. மேற்பரப்பில் ஆடை போலப் படரும் பற்றீரியாவை வினாகிரித் தாய் என்பர். இம்முறை சில திங்கள் கொள்ளும். 1823ஆம் ஆண்டில் ஜேர்மனியில் சூற்சன்பாக் என்பவர் மரச்சீவல் நிறைந்த கோபுரத்தின் மேலிருந்து மதுவைத் துளித்துளியாகச் சிந்தவிட்டுக் கீழிருந்து காற்றைச் செலுத்தி, திங்கட்கணக்கை நாட்கணக்காகக் குறைத்தார். மூன்றாங் கட்டத்தில் வினாகிரியைப் பீப்பாயில் விளிம்பு வரை நிறைத்து மீண்டும் இறுக அடைத்தல் வேண்டும். ஏனெனின், மதுசாரம் தீர்ந்தபின்னும் காற்றுக் கிடைத்துக்கொண்டேயிருந்தால் பற்றீரியாக்களிற் சில அமிலத்தையே எரித்து நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். அப்பொழுது எஞ்சுவது சுவையற்ற நீர். காற்று முதலிற் பகை, நடுவில் நட்பு, முடிவில் மீண்டும் பகை. இக்காலங்களைப் பிரித்தறிவதே தொழிலின் நுட்பம்.

புத்தளம் மாவட்டத்து லுணுவிலவில், பண்டிரிப்புவத் தோட்டத்தில் அமைந்துள்ளது தெங்கு ஆராய்ச்சி நிறுவனம். 1929ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கி, 1950ஆம் ஆண்டில் நிறுவனமாயிற்று. தென்னையின் நோயையும் உரத்தையும் ஆராய்ந்ததோடு, கள்ளையும் வினாகிரியையும் பற்றிய ஆய்வுகளும் அங்கே நடைபெற்றுள்ளன. தோப்பும் ஆய்வுகூடமும் ஒரே மண்ணில் அமைந்தது இக்கரையின் பேறு.

எனினும், இத்தொழிலை இன்று நெருக்குவது காற்றன்று. ஆலையிற் செய்த அசெற்றிக் அமிலத்தை நீரில் விரவிச் செயற்கை வினாகிரி என விற்பது மிக எளிது, மலிவானதும் ஆகும். அதற்கு மரமேற வேண்டியதில்லை. பாளை சீவ வேண்டியதில்லை. தாய் படருமளவும் காத்திருக்க வேண்டியதில்லை. நிறமற்ற அந்நீரிற் புளிப்பு உண்டு. கள் தந்த மணமும் பிற சத்துக்களும் இல்லை. இரண்டும் ஒரே போத்தலில், ஒரே மூடியின் கீழ்க் கடைத்தட்டில் நிற்கின்றன. வாங்குவோர் முன்தாளில் உள்ள எழுத்தை வாசித்தாலன்றி வேறுபாட்டை அறியார். மறுபுறத்தில், கால் தவறினால் உயிரே போகும் உயரத்தில் நின்று காலையும் மாலையும் பாளை சீவுவோரின் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. அவர் மக்கள் அத்தொழிலை நாடாமைக்கு அவரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் இறக்கிய கள்ளுக்குரிய விலை அவரிடம் வந்து சேர்ந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

யவனரின் சாந்துப் பூச்சும், ஒல்லாந்தரின் கந்தகத் திரியும், போர்த்துக்கல்லின் தக்கையும், பெயின்டரின் தகர மூடியும் செய்தது ஒன்றே: உழைப்பின் பயனைக் காலத்தின் கையிலிருந்து காத்தல். மாரவிலவிலோ மாதம்பையிலோ ஒரு வீட்டின் பின்புறத்தில் துணி கட்டிய சாடி ஒன்று இன்றும் நிற்குமாயின், அதனுள் அமைதியாக நடைபெறுவதும் அதுவே. அத்துணியை அவிழ்த்து அடைப்பை இறுக்கும் நாள் எது என்பதை அச்சாடிக்குரியவர் நாவாலும் மூக்காலும் அறிவர். அவ்வறிவு ஒரு தலைமுறையில் மறக்கப்படுமாயின், அதனை அடைத்து வைத்துக் காக்க எந்தப் போத்தலும் இல்லை.